நூலகம் மக்களிடம் சென்ற வரலாறு

நூலகம் என்பது நூல்களைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அரண்மனைகளிலும் மடங்களிலும் பண்டிதர் வீட்டுப் பரண்களிலும் ஏடுகள் பேணப்பட்டன. ஆனால், அவற்றை எடுத்துப் படிக்கும் உரிமை யாருக்கு இருந்தது? சாதியும் செல்வமும் அவ்வுரிமைக்கு எல்லை வகுத்தன. இவ்வெல்லையை மறுத்து எழுந்ததே பொதுநூலகம். எனினும், கதவைத் திறந்து வைப்பதனால் மட்டும் எல்லை அழிந்துவிடுவதில்லை. அதன் வாசற்படியை ஒருபோதும் மிதித்தறியாதவரை நாடி நூலகம் என்ன செய்தது என்பதைக் கொண்டே அதன் பொதுமையை நாம் அளத்தல் வேண்டும்.

தமிழகத்தில் இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று, அங்கு பொதுநூலகங்கள் சாதாரண மக்களின் வாழ்விற் கலந்திருந்ததைக் கண்டார். அவரது முயற்சியாற் சென்னை நூலகச் சங்கம் 1928இல் தோன்றியது. நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்னும் கொள்கையை முதலாவதாகக் கொண்ட அவரது ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன.

அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசற் கிராமத்தில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று தொடங்கி வைக்கப்பட்டது. நெல்லும் வைக்கோலும் ஏற்றிச் சென்ற அதே வண்டித் தடத்தில் நூல்கள் சென்றன. இதனை ஒரு புதுமை என்று மட்டும் கூறி அமைதல் போதாது. தஞ்சைப் பண்ணைகளிற் பகல் முழுவதும் உழைத்தவனுக்குப் பட்டணம் சென்று நூல் எடுத்து வரப் பொழுதேது? அவன் வர இயலாதபோது நூலே அவனிடம் செல்லல் வேண்டும். 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அன்றைய இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. ஆகவே, எழுத்தறியாதோருக்கு வாசித்துக் காட்டுவதும் நூலகத்தின் கடமையே என ரங்கநாதன் வலியுறுத்தினார். 1948இல் நிறைவேறிய சென்னைப் பொதுநூலகச் சட்டம் நூலகத்துக்கென வரி விதித்தது. தனியார் கொடையை நம்பியிருந்த ஒன்று மக்களின் உரிமையாகத் தொடங்கியது.

யாழ்ப்பாணத்தின் வரலாறு மறுதிசையிற் சென்றது. இங்கே மக்கள் நூலகத்தை நோக்கித் திரட்டப்பட்டனர். 1933இல் நீதிமன்ற உத்தியோகத்தரான க. மு. செல்லப்பா தம் வீட்டிலேயே நூல்களைப் பிறருக்கு வழங்கத் தொடங்கினார். இலவசத் தமிழ் நூல்நிலையம் ஒன்று வேண்டுமென ஊராருக்கு வேண்டுகோள் விடுத்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஆஸ்பத்திரி வீதியில், வாடகை அறையொன்றில், 844 நூல்களுடன் நூலகம் திறக்கப்பட்டது. 1935இல் அது நகரசபையின் பொறுப்பாயிற்று. ஐம்பதுகளில் நிரந்தரக் கட்டடத்துக்கு நிதி தேவைப்பட்டபோது களியாட்ட விழாக்களும் அதிர்ஷ்டலாபச் சீட்டுக்களும் துணைபுரிந்தன. படித்தவரின் சந்தாவோடு, வேடிக்கை பார்க்க வந்தவரின் சில்லறையும் அக்கட்டடத்திற் கலந்தது. ஆலோசனை கூற வந்தவரும் அதே ரங்கநாதனே. 1959இற் கட்டடம் திறக்கப்பட்டது.

1981 யூன் மாதத் தொடக்கத்திற் பொலிசாரும் குண்டர்களும் சேர்ந்து அதனைத் தீயிட்டனர். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. தமிழ் மக்கள் அதனைத் தம் வீடே எரிந்ததாக உணர்ந்தனர். அவர்கள் காசு கொடுத்துக் கட்டியதன்றோ அது!

ஆயினும், 'தம்' என்ற அச்சொல்லுக்குள் யாவரும் அடங்கினரா? புனரமைக்கப்பட்ட நூலகத்தின் திறப்புவிழா 2003இல் தடைப்பட்டது. அன்றைய மாநகர முதல்வர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். சாதியே இத்தடைக்குக் காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. வேறு அரசியற் காரணங்கள் கூறியோரும் உளர். எக்காரணம் மெய்யாயினும், அத்தகைய ஐயம் எழுவதற்கு இடமளித்த சமூகம் தன்னைத் தானே வினவிக்கொள்ளல் வேண்டும். எரித்தவர்களைக் கண்டித்தல் நம் கடமை. அதனோடு நம் வாசலில் யார் தயங்கி நிற்கிறார் என்று பார்த்தலும் நம் கடமையே.

நூலகங்கள் நடத்தும் கண்காட்சிகளும் வாசிப்பு வாரங்களும் நல்லவையே. ஆனால், ஏற்கெனவே வாசிப்பவரையே மீண்டும் அழைத்து மகிழ்தல் மக்கட்தொடர்பு ஆகாது. யாழ்ப்பாணம் மக்களை நூலகத்துக்குப் பொருள் கொடுக்கச் செய்தது. மேலவாசல் நூலகத்தை மக்களிடம் போகச் செய்தது. இவ்விரண்டும் இணைதல் வேண்டும். நம் கிராமத்துச் சனசமூக நிலையங்களில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்ட மரபு நமக்குப் புதிதன்று. அவ்வட்டத்துக்கு நூலையும் கொண்டு செல்வதற்கு மாளிகை வேண்டியதில்லை. ஆசிரியர் ஒருவரும், மாணவர் சிலரும், துவிச்சக்கர வண்டியொன்றும் போதும். அவ்வண்டி முதலிற் செல்லவேண்டிய இடம், நூலகத்துக்கு இதுவரை யாரும் வந்திராத குடியிருப்பேயாகும்.