ஏர்பேக் லைட் அணையவே இல்லையா? சீட் பெல்ட் டென்ஷனரையும் கொஞ்சம் கவனிங்க!

சாவியைத் திருப்பியதும் கார் டேஷ்போர்டில் வரிசையாக லைட்கள் எரியும். இன்ஜின், பேட்டரி, ஆயில், ஏ.பி.எஸ் என எல்லாம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அணைந்துவிடும். அந்த வரிசையில், முகத்துக்கு முன்னால் பெரிய பந்தை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு படம் இருக்கும். அதுதான் ஏர்பேக் லைட். சில கார்களில் 'எஸ்.ஆர்.எஸ்' என்று எழுத்திலேயே இருக்கும். சில விநாடிகள் எரிந்து அது அணைய வேண்டும். அணையாமல் அப்படியே நின்றால்?

'வண்டி நல்லாத்தானே ஓடுது, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். காரணம் இருக்கிறது. இந்த லைட் எரிவதால் மைலேஜ் குறையாது, பிக்கப் குறையாது, சத்தமும் வராது. மற்ற கோளாறுகள் தினமும் தொல்லை கொடுத்து உங்களை ஒர்க்‌ஷாப்புக்குத் துரத்தும். இது மட்டும் அமைதியாக இருக்கும். விபத்து நடக்கும் அந்த ஒரு நொடியில்தான் இது வேலை செய்யவில்லை என்பதே தெரியவரும்.

இன்னொரு விஷயம், பெயர்தான் ஏர்பேக் லைட். ஏர்பேக்கோடு சேர்த்து சீட் பெல்ட் டென்ஷனரில் கோளாறு என்றாலும் இதே லைட்தான் எரியும்.

டென்ஷனர் என்ன செய்யும்?

சீட் பெல்ட் போட்டாலும் உடம்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவே கொஞ்சம் தொளதொளப்பு இருக்கும். கார் எதன் மீதாவது மோதும்போது, அந்தத் தொளதொளப்பு தீரும் வரை உங்கள் உடம்பு முன்னால் போய்க்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இழுத்து இறுக்குவதுதான் டென்ஷனரின் வேலை. நீங்கள் சீட்டோடு ஒட்டி, சரியான தூரத்தில் இருந்தால்தான் ஏர்பேக் உங்களைத் தாங்கும். இல்லாவிட்டால் விரிந்துகொண்டிருக்கும் ஏர்பேக் மீது நீங்களே போய் மோதுவீர்கள்.

இன்று நாம் போடும் மூன்று முனை சீட் பெல்ட்டை வோல்வோ நிறுவனம் 1959-ல் காரில் கொண்டுவந்தது. டென்ஷனர் வந்தது அதற்கு இருபது வருடங்களுக்கும் மேல் கழித்து, மெர்சிடீஸ் பென்ஸின் எஸ் கிளாஸ் காரில். இன்று நம் ஊரின் சின்ன பட்ஜெட் கார்களிலும் முன் சீட்டுகளுக்கு இது வந்துவிட்டது.

உள்ளே நடக்கும் அட்டென்டன்ஸ்

டென்ஷனருக்குள் ஒரு சின்ன கேஸ் ஜெனரேட்டர் இருக்கும். பட்டாசுத் திரிபோல அதைப் பற்றவைக்க ஒரு இக்னைட்டர். மோதல் நடந்ததும் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் இதற்குக் கரன்ட் அனுப்பும், இக்னைட்டர் வெடிக்கும், வெளியேறும் வாயு பெல்ட்டை இழுக்கும். ஒரு தடவை வெடித்துவிட்டால் கதை முடிந்தது. மறுபடி பயன்படுத்த முடியாது, பெல்ட் செட்டையே மாற்ற வேண்டும்.

வெடித்துப் பார்த்துச் சோதிக்க முடியாத ஒரு பொருள் நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கிளாஸில் அட்டென்டன்ஸ் எடுப்பதுபோலத்தான். பெரும்பாலும் கியர் லீவருக்கு அருகே, சென்டர் கன்சோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் கன்ட்ரோல் யூனிட், இக்னைட்டர் வெடிக்காத அளவுக்கு மிகச்சிறிய கரன்ட்டை அனுப்பி அதன் ரெசிஸ்டன்ஸை அளந்துகொண்டே இருக்கும். பல கார்களில் அது சுமார் 2 ஓம் இருக்கும். அந்தப் பதில் வந்தால் 'ப்ரசன்ட்'. பதில் மாறினால் லைட் எரியும், கோளாறுக்கான கோடும் மெமரியில் பதிவாகும்.

எதிர்பார்க்கும் பதிலே 2 ஓம்தான் என்பதால், ஒரு கப்ளர் லேசாகத் துருப்பிடித்து அரை ஓம், ஒரு ஓம் கூடினாலும் யூனிட் சந்தேகப்படும். அதனால்தான் ஒன்றுமே உடையாத காரிலும் இந்த லைட் எரிகிறது.

லைட் சொல்லும் பாஷை

சிவப்பு நிறத்தில் பெல்ட் போட்ட ஆள் படம் மட்டும் எரிந்து 'பீப்' சத்தம் வந்தால், அது பெல்ட் ரிமைண்டர். பெல்ட்டைப் போட்ட பிறகும் அணையவில்லை என்றால், பக்கிள் ஸ்விட்ச்சைச் சந்தேகப்படுங்கள். ஏர்பேக் படம் எரிந்தால் கோளாறு டென்ஷனர், ஏர்பேக், ஒயரிங், சென்சார், கன்ட்ரோல் யூனிட் இவற்றில் ஏதோ ஒன்றில் இருக்கிறது.

* சில விநாடிகள் எரிந்து அணைந்தால்: எல்லாம் சரி.
* அணையாமல் நின்றால்: இப்போது கோளாறு இருக்கிறது, அல்லது பழைய கோளாறின் கோடு அழிக்கப்படாமல் இருக்கிறது.
* குண்டு குழியில் ஏறும்போதோ, சீட்டை நகர்த்தும்போதோ மட்டும் எரிந்தால்: பெரும்பாலும் லூஸ் கான்டாக்ட்.
* சாவியைத் திருப்பும்போது எரியவே இல்லை என்றால்: சந்தோஷப்படாதீங்க. லைட்டே போயிருக்கலாம், அல்லது யாரோ வேண்டுமென்றே துண்டித்திருக்கலாம்.

வழக்கமான குற்றவாளிகள்

*சீட்டுக்கு அடியில் இருக்கும் கப்ளர்:* லிஸ்ட்டில் முதலிடம் இதற்குத்தான். பக்கிள் ஸ்விட்ச், சைடு ஏர்பேக், சில மாடல்களில் டென்ஷனர் ஆகியவற்றின் ஒயர்கள் சீட்டுக்கு அடியில்தான் போகின்றன. சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போதெல்லாம் அவை அசையும். அங்கே உருளும் வாட்டர் பாட்டில், குடை, வேக்குவம் கிளீனரின் முனை எல்லாம் ஒயரை இழுக்கும். புது சீட் கவர் போட்ட மறுநாளே லைட் எரிகிறதா? சீட்டைக் கழற்றும்போது கப்ளரைப் பிடுங்கி, அந்த நிலையிலேயே சாவியைப் போட்டிருப்பார்கள். திரும்ப மாட்டினாலும் சில கார்களில் ஸ்கேனர் வைத்துக் கோடை அழித்தால்தான் லைட் அணையும்.

*பி பில்லர் ஒயரிங்:* முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே உள்ள தூணின் கீழ்ப்பகுதியில்தான் பல கார்களில் டென்ஷனர் இருக்கும். அந்த பிளாஸ்டிக் கவரைக் கழற்றி மாட்டும் வேலை நடந்திருந்தால், அங்கே ஒயர் நசுங்கியிருக்கலாம்.

*பக்கிள்:* சில்லறைக் காசு, பிஸ்கட் தூள், கூல்டிரிங்க்ஸ் பிசுபிசுப்பு இதெல்லாம் பக்கிளுக்குள் போனால் ஸ்விட்ச் ஒழுங்காக வேலை செய்யாது.

*பேட்டரி:* வீக்கான பேட்டரி, ஜம்ப் ஸ்டார்ட் இரண்டுமே வோல்டேஜைக் கீழே இறக்கும். அப்போதும் கோடு பதிவாகலாம். இதைப் பார்க்காமல் டென்ஷனரையே மாற்றினால் காசு வீண்.

*தண்ணீரும் எலியும்:* 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கார்பெட் வரை தண்ணீர் வந்தால், கப்ளர்களும் தரையை ஒட்டியிருக்கும் கன்ட்ரோல் யூனிட்டும் நனையும். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் துரு மெதுவாக ஏறி, மாதங்கள் கழித்து லைட் எரியும். ரொம்ப நாள் ஓட்டாமல் நிற்கும் கார் என்றால், எலி கடித்த ஒயரையும் தேடணும்.

ஒரு குறிப்பு: ஏர்பேக் லைட்டோடு ஹாரன், ஸ்டீயரிங்கில் இருக்கும் ஆடியோ பட்டன்கள் ஆகியவையும் வேலை செய்யவில்லை என்றால், டென்ஷனரை விட்டுவிட்டு ஸ்டீயரிங்குக்குள் சுற்றியிருக்கும் கிளாக் ஸ்பிரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்களே என்ன பார்க்கலாம்?

1. இன்ஜினை அணைத்துவிட்டு சீட்டுக்கு அடியில் போனில் டார்ச் அடித்துப் பாருங்கள். அடைந்து கிடக்கும் பொருள்களை மெதுவாக வெளியே எடுங்கள். நசுங்கிய ஒயர், பச்சை பூத்த கப்ளர், ஈரம் இருந்தால் போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.
2. பெல்ட்டை முழுசாக இழுத்து விடுங்கள். சீராக உள்ளே போகிறதா, பக்கிள் 'க்ளிக்' என்று பூட்டுகிறதா என்று பாருங்கள்.
3. பேட்டரியைச் செக் பண்ணுங்கள்.
4. லைட் எப்போது எரிய ஆரம்பித்தது என்று எழுதிவையுங்கள். மழைக்குப் பிறகா, சீட் கவருக்குப் பிறகா, பேட்டரி மாற்றிய பிறகா? மெக்கானிக்குக் கிடைக்கும் முதல் க்ளூ இதுதான்.

இதெல்லாம் தொடவே கூடாது!

மஞ்சள் நிற கப்ளர், மஞ்சள் உறை போட்ட ஒயர் என்றாலே 'வெடிக்கும் பொருள்' என்று எழுதியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மல்ட்டிமீட்டரை எடுத்து டென்ஷனரில் ஓம் பார்க்கவே கூடாது. மீட்டர் தன் பேட்டரியிலிருந்து அனுப்பும் கரன்ட்கூட இக்னைட்டரை வெடிக்க வைக்கலாம். டெஸ்ட் லேம்ப் வைப்பது அதைவிட ஆபத்து. பேட்டரியைக் கழற்றியதும் வேலையை ஆரம்பிப்பதும் தப்பு. விபத்தில் பேட்டரி உடைந்தாலும் ஏர்பேக் வேலை செய்யட்டும் என்று கன்ட்ரோல் யூனிட்டில் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அதில் இருக்கும் சார்ஜ் இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். எத்தனை நிமிடம் என்பது அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

நல்ல மெக்கானிக் எப்படிக் கண்டுபிடிப்பார்?

முதலில் ஏர்பேக் சிஸ்டத்தைப் படிக்கக்கூடிய ஸ்கேனரைச் செருகுவார். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஓ.பி.டி கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டும்தான் படிக்கும். அதில் 'கோளாறு இல்லை' என்று வந்தால் நம்பிவிடாதீர்கள்.

கோடை அழிப்பதற்கு முன்பு குறித்துக்கொள்வார். 'ரெசிஸ்டன்ஸ் அதிகம்' என்றால் கப்ளர் லூஸ், துரு அல்லது அறுந்த ஒயர். 'ரெசிஸ்டன்ஸ் குறைவு' என்றால் இரண்டு ஒயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். 'கிரவுண்ட் ஷார்ட்' என்றால் ஒயரின் தோல் உரிந்து பாடியில் உரசுகிறது. 'பேட்டரி ஷார்ட்' என்றால் வேறொரு கரன்ட் ஒயரோடு உரசுகிறது. இந்த வார்த்தைகள் எல்லாம் சர்க்யூட்டைத்தான் சொல்கின்றன. 'டிரைவர் டென்ஷனர்' என்று கோடில் வந்துவிட்டது என்பதற்காக டென்ஷனர்தான் போச்சு என்று அர்த்தமில்லை.

அடுத்த ஸ்டெப்தான் முக்கியம். பேட்டரியைக் கழற்றி, காத்திருந்து, டென்ஷனரின் கப்ளரை எடுத்துவிட்டு அதே அளவு ரெசிஸ்டன்ஸ் உள்ள டம்மி கருவியை மாட்டுவார். இப்போது கோடு மறைந்தால் சந்தேகம் டென்ஷனர் மீதோ, அதன் கப்ளர் மீதோ. மறையாவிட்டால் ஒயரிங், அல்லது கன்ட்ரோல் யூனிட். ஒயரிங்கைத் தனியாக அளக்கும்போதும் ஒரு பொறி உண்டு. இந்த கப்ளர்களைப் பிடுங்கினால், தவறுதலாக வெடிக்காமல் இருக்க உள்ளே இருக்கும் சின்னத் தகடு இரண்டு பின்களையும் சேர்த்துவிடும். இது தெரியாதவர் மீட்டரை வைத்துவிட்டு 'ஒயர் ஷார்ட் ஆயிடுச்சு, முழு ஒயரிங்கும் மாத்தணும்' என்று சொல்வார்.

'கோடு என்ன வந்துச்சு? டம்மி போட்டுப் பார்த்தீங்களா?' இந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள். ஒழுங்கான பதில் வந்தால் பில் கட்டலாம்.

ப்ராக்ஸி அட்டென்டன்ஸ்!

இப்போது ஒரு மோசடிக்கு வருவோம். டம்மியை மாட்டினால் லைட் அணைகிறது இல்லையா? அதையே நிரந்தரமாக விட்டுவிடுபவர்களும் உண்டு. சில ரூபாய் விலையுள்ள ரெசிஸ்டர் ஒன்றை டென்ஷனர் இருக்க வேண்டிய கப்ளரில் செருகிவிடுவார்கள். கன்ட்ரோல் யூனிட் அட்டென்டன்ஸ் எடுக்கும்போது ரெசிஸ்டர் 'ப்ரசன்ட் சார்' என்று சொல்லும். கிளாஸில் ப்ராக்ஸி கொடுத்தால் போவது மார்க். இங்கே போவது உயிர்.

யூஸ்டு கார் வாங்குபவர்கள் இதில் உஷாராக இருக்கணும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் லைட் எரிந்து அணைகிறதா என்று முதலில் பாருங்கள். பெல்ட்டை முழுசாக இழுத்து, அதன் ஓரத்தில் உள்ள லேபிளில் தேதியைப் பாருங்கள். காரின் தயாரிப்பு வருடத்துக்கும் அதற்கும் நிறைய வித்தியாசம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். விபத்தில் சிக்கிய கார் என்றால், டென்ஷனர், கன்ட்ரோல் யூனிட் மாற்றிய பில் கேட்பது உங்கள் உரிமை.

பீப் சத்தத்தை நிறுத்த பக்கிளில் செருகும் கிளிப்பும் இதே குடும்பம்தான். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த கிளிப்புகளை நீக்கச் சொல்லி 5 ஆன்லைன் வர்த்தகத் தளங்களுக்கு உத்தரவிட்டது. அந்த கிளிப் உங்கள் காரில் இருந்தால் இன்றைக்கே எடுத்துக் குப்பையில் போடுங்கள்.

சரி செய்யும் வரை என்ன செய்வது?

லைட் எரியும்போது சில கார்களில் கோளாறான சர்க்யூட் மட்டும் முடங்கும், சிலவற்றில் சிஸ்டம் மொத்தமும் முடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் எது என்று தெரியாது. அதனால் ஏர்பேக் இல்லாத கார் என்று நினைத்தே ஓட்டுங்கள். ஹைவே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

ஆனால் பெல்ட்டை மட்டும் கழற்றாதீர்கள். டென்ஷனர் போனாலும், திடீரென இழுத்தால் பூட்டிக்கொள்ளும் அந்தப் பழைய மெக்கானிக்கல் லாக்குக்குக் கரன்ட் தேவையில்லை. லைட் எரிகிற காரில் உங்களிடம் மிச்சமிருக்கும் பாதுகாப்பு அது ஒன்றுதான்.