சுரங்கம் திறக்கும்வரை: ஐபிசெக் இணைப்புகளின் இயல்பமைப்பும் கரிசல் வட்டாரக் கிளைகளும்

இரு முனைகளுக்கிடையே செல்லும் தரவு ஐபிசெக் மறையாக்கச் சுரங்கம் வழியாகவே செல்ல வேண்டும் என்று கொள்கை வகுத்தாயிற்று; ஆனால் அதற்கான சாவிகள் இன்னும் பரிமாறப்படவில்லை. அந்த இடைவெளியில் ஒரு செயலி இணைப்புக் கேட்டால் இயக்குதளத்தின் மையமான கெர்னல் என்ன செய்ய வேண்டும்? தரவை மறைக்காமலே அனுப்பலாம், செயலியை நிறுத்திவைக்கலாம், தரவுப் பொட்டலத்தைக் கைவிடலாம், வரிசையில் வைத்துப் பிறகு அனுப்பலாம். முதல் வழி கொள்கையையே மீறுவதால் அதற்கு இடமில்லை. எஞ்சிய மூன்றில் எது இயல்பமைப்பாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இயல்பமைப்பு என்பது அதை மாற்றத் தெரியாதவருக்காகப் பிறர் எடுத்துவைக்கும் முடிவு. ஆகவே சராசரி வேகத்தை விட்டு, அது உண்டாக்கக்கூடிய மிகப் பெரிய தாமதத்தைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும்.

லினக்ஸ் கெர்னல் இந்த முடிவுக்குப் படிப்படியாகவே வந்தது. சாவி வரும்வரை செயலியை உறங்கவைப்பதே ஒரு காலத்தில் அதன் வழக்கம். 2007-இல் கெர்னல் நிரலாளர் டேவிட் மில்லர், பொட்டலங்களைக் கைவிடும் வழியை ஒரு தெரிவாகச் சேர்த்தார். பெயரை முகவரியாக மாற்றும் வேலை சி நூலகத்தின் உள்ளே நடக்கிறது. அங்குள்ள சாக்கெட் காத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்பது பயனர் கையில் இல்லை என்பது அவர் காட்டிய காரணம். பின்னர் கைவிடலே இயல்பமைப்பாயிற்று. 2013-இல் மற்றொரு நிரலாளரான ஸ்டெஃபன் கிளாசர்ட் வரிசை முறையைச் சேர்த்தார். உறங்கவைக்கும் பழைய நிரலும் அவ்வாண்டே நீக்கப்பட்டது. சாவி வராமலே போனால் செயலி முடிவின்றித் தொங்கும் என்பதே அந்த நிரலின் குறை.

கைவிடலால் வரும் இழப்பைக் கணக்கிடலாம். சாவிகளைப் பரிமாறும் ஐகேஇ நெறிமுறையின் இரண்டாம் பதிப்பில் சுரங்கம் அமைய நான்கு செய்திகள், அதாவது இரண்டு சுற்றுப் பயணங்கள், தேவை. 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியாக ஒரு சுற்று அரை வினாடியைத் தாண்டும்; இரண்டு சுற்றுக்கு ஒரு வினாடிக்கு மேலாகும். டிசிபி தன் முதல் பொட்டலத்துக்குப் பதில் வராவிட்டால், 2011-இன் ஆர்எஃப்சி 6298 சொல்லும் தொடக்க அளவின்படி, ஒரு வினாடியில் மறுபடி அனுப்பும். பிறகு இடைவெளியை இரட்டிப்பாக்கும். முதல் இரண்டும் தொலைந்தாலும் மூன்றாவது வினாடியில் செல்வது கரைசேரும். மறுபுறம், எதிர்முனை பதிலே தராதபோது, ஐகேஇ வழியாகச் சாவி பரிமாறும் ஸ்ட்ராங்ஸ்வான் மென்பொருள் தன் இயல்பு அளவுகளின்படி 165 வினாடி கழித்தே முயற்சியை நிறுத்துகிறது. உறங்கவைக்கும் முறையில் அவ்வளவு நேரமும் திரை உறைந்து நிற்கும்.

கரிசல் வட்டாரத்து விளாத்திகுளம் போன்ற ஊரில் இது ஏட்டுக் கணக்கன்று. வங்கிக் கிளையையோ கூட்டுறவுக் கடன் சங்கத்தையோ தரவு மையத்தோடு இணைக்க ஐபிசெக் சுரங்கம் பரவலாக உள்ள வழி. இங்கே மானாவாரி விதைப்பும் வடகிழக்குப் பருவமழையும் பயிர்க் காப்பீட்டுப் பதிவும் ஒரே காலத்தில் வருகின்றன. உளுந்தும் பாசிப்பயறும் விதைத்தவர், அடங்கலும் வங்கிக் கணக்குப் புத்தகமுமாக வரிசையில் நிற்கும் நாள்களில்தான் இடிமழையும் மின்வெட்டும் அதிகம். மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் ரௌட்டர் சுரங்கத்தைப் புதிதாக அமைக்க வேண்டும். பெருநகரில் எப்போதோ நேரும் இடைநிலை, இங்கே அன்றாட நிலை. செயலி உறையாமல் இருந்தால், இணைப்பு இல்லை என்பதையாவது காட்டும். ஊழியரும் வந்தவரிடம் அதைச் சொல்ல முடியும்.

கைவிடலுக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பெயர் தேடும் கோரிக்கை பெரும்பாலும் யுடிபியில் செல்கிறது. அதை டிசிபி மீட்டுத் தராது. முதல் கோரிக்கை தொலைந்தால் சி நூலகம் இயல்பாக ஐந்து வினாடி காத்திருந்த பிறகே மறுபடி கேட்கும். வரிசை முறை இந்த ஐந்து வினாடியை மிச்சப்படுத்தும். அதற்கும் எல்லை உண்டு: கொள்கை ஒன்றுக்கு 100 பொட்டலம், குறிப்பிட்ட காலத்துக்குள் சாவி வராவிட்டால் வரிசை காலியாகும். ஆயிரக்கணக்கான கொள்கைகள் கொண்ட மையக் கருவியில் இந்த வரிசைகள் நினைவகச் சுமையாகும். ஒரே சுரங்கமுள்ள கிளையில் 100 பொட்டலம் ஒரு பொருட்டன்று. எனவே உலகெங்கும் செல்லும் கெர்னலுக்குக் கைவிடலே தக்க இயல்பமைப்பு. கிளை ரௌட்டருக்கு வரிசையே தக்கது.

அதோடு, முதல் வாடிக்கையாளரின் கோரிக்கைக்காகக் காத்திராமல், கருவி உயிர்பெற்றதும் சுரங்கம் தானே அமைய வேண்டும். அப்போதும் பொட்டலங்களைப் பிடித்துவைக்கும் பொறிக்கொள்கை உடன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுரங்கம் எழுமுன் தரவு மறையாக்கமின்றி வெளியேறலாம். ஸ்ட்ராங்ஸ்வானில் இரண்டையும் சேர்த்தே அமைக்க வழி உண்டு. இம்மாற்றங்களைக் கிளை ஊழியரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. நூற்றுக்கணக்கான கிளைகளுக்கு ஒரே அமைப்புக் கோப்பைத் தயாரித்து அனுப்பும் தலைமையகத் தொழில்நுட்பப் பிரிவே கரிசல் கிளைகளின் இயல்பமைப்பைத் தீர்மானிக்கிறது. மின்சாரம் நிலைத்த நகரத்தை மட்டும் மனத்தில் வைத்து அக்கோப்பை எழுதக் கூடாது.