யார் செய்த பாவம்?

பாளையங்கோட்டையில் என் அக்காள் வீட்டில் ஒரு சாவு நடந்து பல வருஷங்கள் ஆகின்றன. போனது அவளுடைய நான்கு வயதுப் பையன். மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் இல்லை. அதை விரித்து எழுதுவதற்கு இது கதை அல்ல. துட்டி கேட்க வந்த இருவர் சொன்ன இரண்டு வார்த்தைகளுக்காகத்தான் அதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் உறவில் மூத்தவளான ஒரு பெரியம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டே, “என்ன செய்ய? போன ஜன்மத்துல எவ பிள்ளையை அழ வச்சாளோ, இந்த ஜன்மத்துல வந்து விடிஞ்சிருக்கு” என்றாள். சற்று நேரத்துக்கெல்லாம் அடுத்த தெருவிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். கிறிஸ்தவர், யாருக்கும் தீங்கு நினையாத மனுஷி. அக்காளின் கையைப் பிடித்துக் கொண்டு, “ஆண்டவர் காரணமில்லாம ஒண்ணும் செய்ய மாட்டாரும்மா. உனக்கு ஏதோ ஒரு பாடம் வச்சிருக்காரு” என்றார்.

இருவரும் ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள். ஆனால் இருவர் சொன்னதும் அக்காள் காதில் ஒரே மாதிரிதான் விழுந்தது: ‘குற்றம் உன்னுடையது.’ அன்று இரவு அவள் என்னைக் கூப்பிட்டு, “ஏல, நான் அப்படி என்ன பாவம்ல செஞ்சேன்?” என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். தத்துவம் முறையாகப் பயின்றவன் அல்லன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடுவதாயில்லை. பதில் தேடிப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான், இதே கேள்வி இதே திருநெல்வேலிச் சீமையில் ஒருமுறை பகிரங்கமாக எழுந்து, தேசத்தின் இரண்டு பெரியவர்களை எதிரெதிரே நிறுத்திய சரித்திரம் எனக்குத் தெரிய வந்தது.

1934-ஆம் வருஷம் ஜனவரி 15-ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பின், வட பீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேர் நகரம் செங்கற் குவியலாயிற்று. முஸப்பர்பூர், தர்பங்கா, காட்மாண்டு எல்லாம் சின்னாபின்னம். வயல்கள் வாய் பிளந்து தண்ணீரையும் மணலையும் கக்கின. பயிர் நின்ற நிலம் மணல் மேடாயிற்று. மாண்டவர்கள் 10,000-க்கும் அதிகம். அப்போது சிறையில் நோயாளியாகக் கிடந்த ராஜேந்திர பிரசாத், இரண்டு நாளில் விடுதலையாகி, இழுக்கும் மூச்சோடு நிவாரண வேலையில் இறங்கினார்.

அந்தச் சமயம் காந்திஜி தெற்கே இருந்தார். 1933 நவம்பரில் வார்தாவில் புறப்பட்டு, தீண்டாமைக்கு எதிராக ஊர் ஊராகப் பிரசாரம் செய்து வந்தார். அதற்கு ஹரிஜன யாத்திரை என்று அன்று பெயர். ஜனவரி 24-ஆம் தேதி திருநெல்வேலியில் பேசினார். பீகாரின் துயரத்தைச் சொல்லி உதவி கேட்டவர், அதோடு நிற்கவில்லை. இந்தப் பூகம்பம் நம்முடைய பாவத்துக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை என்றும், தீண்டாமையே அந்தப் பாவம் என்றும், தம்மை மூடநம்பிக்கைக்காரன் என்று சொன்னாலும் பரவாயில்லை என்றும் சொல்லிவிட்டார்.

தேசம் திடுக்கிட்டது. எல்லோரையும்விட அதிகமாக மனம் நொந்தவர் ரவீந்திரநாத தாகூர். அவர் தமது மறுப்பை எழுதி, பத்திரிகைகளுக்கு நேரே கொடுக்காமல் காந்திஜிக்கே அனுப்பினார். காந்திஜியும் அதை 1934 பிப்ரவரி 16-ஆம் தேதி ‘ஹரிஜன்’ இதழில் முழுமையாகப் பிரசுரித்து, பக்கத்திலேயே தம் பதிலையும் வெளியிட்டார். தம்மைக் கண்டிக்கும் எழுத்துக்குத் தம் பத்திரிகையிலேயே இடம் கொடுக்கும் பண்பாட்டை நினைத்தால் இன்று ஏக்கமாகத்தான் இருக்கிறது.

தாகூர் கேட்டதன் சாரம் இதுதான். பூமி அதிர்வதற்குப் பூமியின் இயல்பில்தான் காரணம் இருக்கும். தூரத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் குற்றவாளிகளுக்குப் புத்தி வரவேண்டும் என்று, குழந்தைகளையும் தீண்டப்படாதவர்களையுமே சேர்த்து நசுக்கிக் கொல்லும் ஓர் அரசனை நாகரிகமுள்ளவன் என்று சொல்வோமா? சொல்ல மாட்டோமென்றால், மனிதனுக்கே தகாத காரியத்தைக் கடவுள் தலையில் எப்படிச் சுமத்துவது? அதுமட்டுமல்ல, காந்தியின் எதிரிகள் இதே வாதத்தைத் திருப்பிப் போட்டு, ‘தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்டதற்குத்தான் இந்தத் தண்டனை’ என்றால் என்ன பதில் சொல்வது?

காந்திஜி பின்வாங்கவில்லை. தம்மால் இதை நிரூபிக்க முடியாது என்று ஒப்புக் கொண்டார். ஆனால் ஜடமும் ஆத்மாவும் பிரிக்க முடியாதபடி பிணைந்தவை. மனிதனுடைய பாவத்துக்கும் இயற்கையின் சீற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்று தம்மால் நம்ப முடியாது. இந்த நம்பிக்கை தம்மைப் பணிவுள்ளவனாக்கிப் பிராயச்சித்தம் தேடச் செய்கிறது என்றார். மார்ச் மாதத்தில் பீகாருக்கே போய் நிவாரண வேலையில் கலந்து கொண்டார்.

ஜவஹர்லால் நேரு 1936-இல் வெளிவந்த தமது சுயசரிதையில் இதைப் பற்றிச் சற்றுக் காரமாகவே எழுதியிருக்கிறார். தண்டனை என்றே வைத்துக் கொண்டாலும், நம்மிடம் உள்ள எத்தனையோ பாவங்களில் எதற்கான தண்டனை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சட்ட மறுப்பில் முன் நின்ற பிரதேசம் வட பீகார். ஆகவே அரசாங்கத்தை எதிர்த்ததற்குத்தான் தண்டனை என்று பிரிட்டிஷார் சொன்னால் என்ன செய்வது? இது அவருடைய கேள்வி.

இந்தச் சண்டையைப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் விசித்திரமாகப் பட்டது. நாம் சொல்லும் கர்மக் கணக்கு தனி மனிதனுடைய கணக்கு. அவனவன் விதைத்ததை அவனவன் அறுக்கிறான். சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று அதற்குப் பேரேடு உண்டு. ஒருவன் பற்றை இன்னொருவன் பெயரில் எழுதுவதற்கு அதில் வழி இல்லை. மேல்சாதிக்காரன் செய்த பாவத்துக்குக் கூரை விழுந்து குழந்தை சாவது அந்தக் கணக்கில் சேராது. ஒரு ஜனத்தின் பாவத்துக்காக அந்த ஜனம் முழுவதையும் கடவுள் வாதிக்கிறார் என்பது பைபிளின் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகளின் குரல். ஆக, திருநெல்வேலியில் தம்மைச் சனாதன ஹிந்து என்று சொல்லிக் கொண்டவர் எரேமியாவைப் போலப் பேசியிருக்கிறார்!

கிறிஸ்தவ தேசங்களிலும் இந்தக் குரல் எழுந்ததுண்டு. 1755 நவம்பர் 1-ஆம் தேதி, சகல பரிசுத்தவான்கள் திருநாள். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தில் ஜனங்கள் காலைப் பூசைக்குக் கோயில்களில் கூடியிருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. கோயில்கள் இடிந்து விழுந்தன, தீ பரவியது, கடல் பொங்கி வந்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். மலக்ரிடா என்ற சேசு சபைப் பாதிரியார், இது இயற்கையால் வந்ததல்ல, நகரத்தின் பாவத்தால் வந்தது. வீடு கட்டுவதை விட்டுவிட்டுத் தவம் செய்யுங்கள் என்று துண்டுப் பிரசுரம் எழுதினார். சீர்திருத்தச் சபையார் சிலர், கத்தோலிக்க விசாரணை மன்றத்தின் கொடுமைக்குத் தண்டனை என்றார்கள். ஆளுக்கொரு பாவம், ஆனால் எல்லாம் அடுத்தவன் பாவம்! மந்திரி பொம்பால் மட்டும் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார்: அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? பூகம்ப சாஸ்திரத்தின் தொடக்கங்களில் ஒன்று அந்தத் தாள். மலக்ரிடாவின் முடிவு பரிதாபமானது. பொம்பாலின் பகையைச் சம்பாதித்துக் கொண்ட அவரை, 1761-இல் அதே விசாரணை மன்றம் மதத் துரோகி என்று தீர்ப்பிட, கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். அவர் செய்த பாவம் என்ன என்று நான் கேட்கப் போவதில்லை.

இதற்கு மறுப்பு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. அவரவர் வேதத்திலேயே இருக்கிறது. சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று எண்ணிக் கொள்ள வேண்டாம் என்று இயேசு சொன்னதாக லூக்கா எழுதியிருக்கிறார். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்டார்கள். நம் பெரியம்மை கேட்டிருக்கக் கூடிய கேள்விதான். இரண்டுமில்லை என்று சொல்லிவிட்டு, அவன் கண்ணைத் திறக்கிற வேலையைப் பார்த்தார் என்கிறது யோவானின் சுவிசேஷம். யோபுவின் கதையும் இதுதான். மக்களை இழந்து, உடம்பெல்லாம் புண்ணாய்ச் சாம்பலில் உட்கார்ந்திருந்தவனிடம் மூன்று சிநேகிதர்கள் வந்தார்கள். ஏழு நாள் வாய் திறவாமல் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் உத்தமர்கள். பிறகு வாயைத் திறந்து, நீ பாவம் செய்திருப்பாய் என்று நிரூபிக்கத் தொடங்கினார்கள். கதையின் முடிவில் கடவுளின் கோபம் யோபுவின் மேல் விழவில்லை. கடவுளுக்காக வாதாடிய அந்தச் சிநேகிதர்கள் மேல் விழுந்தது!

நம் பக்கம் வருவோம். சேக்கிழார் ஒரு நிகழ்ச்சி சொல்கிறார். திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில் தங்கியிருக்கிறார். இன்றைய திருச்செங்கோடுதான் அது. பனிக்காலம் வந்தது, உடன் வந்த அடியார்களைக் குளிர் காய்ச்சல் பிடித்துக் கொண்டது. இந்த நாட்டின் இயல்பு இது என்றார்கள். சம்பந்தர் ஒவ்வொருவரிடமும் அவரவர் வினைக்கணக்கைக் கேட்டிருக்கலாம். அவரோ திருநீலகண்டப் பதிகம் பாடினார். வினை என்று சொல்லிக் கொண்டு விமோசனம் தேடாமல் இருப்பது நமக்கு இழுக்கு என்று அதட்டி, அந்தத் தீவினை நம்மைத் தீண்டாது என்று ஆணையிட்டார். காய்ச்சல் அடியாரை விட்டது மட்டுமல்ல, அந்த நாட்டையே விட்டு நீங்கியதாம். இதைச் சரித்திரமென்று கொள்வதும் கதையென்று கொள்வதும் அவரவர் விருப்பம். சைவத்தின் தலையாய குரு ஒருவர் கர்மத்தைக் காரணமாகக் காட்டிக் கைகட்டி நிற்க மறுத்தார் என்பதே எனக்கு முக்கியம்.

பின்னால் வந்த சைவ சித்தாந்திகள் இதற்குத் தத்துவமும் வகுத்தார்கள். வினை ஜடம், அது தானாக வந்து யாரையும் பற்றாது, கூட்டுவிப்பவன் இறைவன், ஆகவே அவனுடைய அருள் வினைக்கு மேற்பட்டது. துன்பத்தையும் அவர்கள் மறக்கருணை என்று சொல்லி, வைத்தியனின் கத்தியோடு ஒப்பிட்டார்கள். டீச்சரம்மா சொன்ன பாடத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

அப்படியானால் கர்மக் கொள்கையும் தண்டனைக் கொள்கையும் வெறும் பொய்களா? நான் அவ்வளவு தூரம் போகத் துணியமாட்டேன். நோயாளியே தன் புண்ணைப் பார்த்து, ‘இது என்னைத் திருத்த வந்த கத்தி’ என்று சொன்னால் அது ஞானம். பக்கத்தில் நிற்கிறவன் சொன்னால் அது கொடுமை. வார்த்தை ஒன்றுதான், சொல்லுகிற வாய் வேறு. திருக்குறளில் பல்லக்குச் சுமப்பவனையும் ஏறிச் செல்பவனையும் பற்றிய ஒரு குறள் இருக்கிறதல்லவா? பரிமேலழகர் அதை அறத்தின் பயனுக்குக் கண்கூடான சாட்சி என்று கொண்டார். பிற்காலத்தார் சிலர், அந்த இருவரிடையே நின்று அறம் இதுதான் என்று சொல்லாதே என்ற கட்டளையாகக் கொண்டார்கள். பல்லக்கின் கொம்பு அழுத்தும் தோளுக்கு எந்த உரை பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

காந்திஜியின் மேல் எனக்குக் கோபம் வராததற்கும் இதுவே காரணம். ‘நம்முடைய பாவம்’ என்று தம்மையும் சேர்த்துத்தான் அவர் சொன்னார். ஆனால் அந்தப் பாவத்துக்கு விலை கொடுத்தவர்கள் முங்கேர்க் குழந்தைகள் என்பதைத் தாகூர் பார்த்தார். அந்த இடத்தில் கவி மகாத்மாவை ஜெயித்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பூகம்பம் தீண்டாமையை ஒழிக்கவும் இல்லை. 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஏட்டில் ஒழித்தது. மனத்தில் ஒழிய வேண்டியது இன்னும் பாக்கி.

அக்காள் வீட்டுக்கு அன்று மூன்றாவதாக ஒருத்தியும் வந்தாள். தெருக்கோடியில் இட்டிலி விற்கும் ஆச்சி. அவள் எந்த ஜன்மத்தைப் பற்றியும் பேசவில்லை. எந்தப் பாடத்தைப் பற்றியும் பேசவில்லை. அடுக்களைக்குள் போய்ப் போட்டது போட்டபடி கிடந்த பாத்திரங்களைத் துலக்கி வைத்தாள். ஒரு தம்ளர் காப்பி போட்டுக் கொண்டு வந்து அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து, “குடி, தாயி” என்றாள். இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள் அதை வாங்கிக் குடித்தாள். அருள் என்ற சொல்லுக்கு நான் படித்த உரைகளில் எதுவும் அந்தத் தம்ளர் அளவுக்கு எனக்கு விளங்கியதில்லை.

அக்காளின் கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. “நீ ஒண்ணும் செய்யலக்கா” என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்துவிட்டேன். அது நான் செய்த பாவம்.