மோட்டார் வண்டியும் வடிவக் கலையும்

மோட்டார் வண்டியில் முதலில் நம் கண்ணுக்குப் புலனாவது எஞ்சின் அன்று; அதன் மேற்கூடே ஆகும். எஞ்சின் வண்டியை ஓட்டுகிறது. மேற்கூடு அதற்கு முகமும் தோற்றமும் அளிக்கிறது. இந்த மேற்கூட்டின் வடிவத்தை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு? செய்த தொழிற்சாலைக்கா, வாங்கி ஓட்டுகிறவனுக்கா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து இளைஞர்கள் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வினாவுக்குத் தங்கள் கையாலேயே விடை கண்டார்கள். அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

தொடக்க காலத்தில் இவ்வினா எழவே இல்லை. எஞ்சினும் சக்கரங்களும் பொருந்திய அடிச்சட்டத்தைச் செய்பவர் ஒருவர். அதன்மேல் கூடு கட்டுபவர் வேறொருவர். கரூரில் பேருந்துகளுக்குப் பாடி கட்டும் தொழிலை அறிந்தவர்களுக்கு இம்முறை புதிதன்று. ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை அடிச்சட்டத்தையே விற்றது. வாங்கியவர் தம் விருப்பப்படி கூடு கட்டுவித்துக்கொண்டார். ஆயின் இவ்வுரிமை செல்வர்களுக்கே உரியதாக இருந்தது. எளியவருக்கு வண்டி கிடைக்க வேண்டுமாயின் விலை குறைய வேண்டும். விலை குறைய வேண்டுமாயின் எல்லா வண்டிகளும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் வரவேண்டும். 1914 முதல் 1925 வரை ஃபோர்டு கம்பெனி தன் டி மாடல் வண்டியைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே செய்தது என்பதே இதற்குப் போதிய சான்று.

பின்னர் அழகும் தொழிற்சாலைக்குள் புகுந்தது. ஹார்லி ஏர்ல் என்பவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தம் தந்தையார் நடத்திய கூடு கட்டும் பட்டறையில் வளர்ந்தவர். திரைப்பட நடிகர்களுக்குத் தனித்தனியே வண்டிகளை வடிவமைத்துக் கொடுத்தவர். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்காக அவர் உருவாக்கிய லாஸால் என்னும் வண்டி 1927இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே வடிவத்துக்கும் வண்ணத்துக்கும் ஒரு தனிப் பிரிவை அக்கம்பெனி அவர் தலைமையில் நிறுவிற்று. இதனால் எளியவரின் வண்டியும் அழகு பெற்றது உண்மையே. எனினும் ஒருவர் வரைந்த அழகு இலட்சக்கணக்கான வண்டிகளில் மாறாமல் திரும்பத் திரும்ப வந்தது.

1942இல் போரின் பொருட்டு அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 1945இல்தான் மீண்டும் தொடங்கிற்று. போர் முடிந்து வந்த இளைஞர்களுக்குப் பழைய வண்டிகளே எட்டும் விலையில் கிடைத்தன. அவற்றைத் தாமே வெட்டியும் ஒட்டியும் புது உருவம் கொடுக்கும் பழக்கம் போருக்கு முன்பே அங்கு வேர்விட்டிருந்தது. இப்போது அது செழித்து வளர்ந்தது. இக்கலையில் பெயர் பெற்றவர்கள் சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர். அவர்கள் மிகவும் புகழ் பெற்றது 1949 முதல் 1951 வரை வெளிவந்த மெர்க்குரி வண்டியை மாற்றியமைத்ததில்தான்.

அவ்வண்டியின் உடல் திரண்டு உருண்டது. ஆனால் அதன் கூரை உயர்ந்து நின்றது. கூரையைத் தாழ்த்தினால் வண்டி நீண்டு பாய்வது போல் தோன்றும் எனக் கண்டனர். எண்ணுவது எளிது, செய்வதோ அரிது. கூரையைத் தாங்கும் தூண்கள் நேராக நிற்பவை அல்ல, உட்புறம் சாய்ந்தவை. ஆகவே அவற்றில் சில அங்குலங்களை அறுத்து எடுத்துவிட்டுக் கூரையைக் கீழே இறக்கினால், மேல் துண்டும் அடித்துண்டும் ஒன்றோடொன்று பொருந்தமாட்டா. தூண்களைச் சாய்த்துச் சேர்க்க வேண்டும். அல்லது கூரையையே பிளந்து இடையில் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். கதவுச் சட்டங்களையும் கண்ணாடிகளையும் அதே அளவுக்குக் குறைக்க வேண்டும். அளவு சிறிது பிழைத்தாலும் கதவு மூடாது.

பற்றவைத்த இடங்களின் மேடுபள்ளத்தை மறைக்க ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தைப் பயன்படுத்தினார்கள். அதைச் சுடரால் இளக்கி, வெண்ணெய் போன்ற பதத்தில் மரக்கரண்டியால் தடவி, ஆறியபின் அரத்தால் இராவினார்கள். வெப்பம் மிகுந்தால் உலோகம் ஒழுகிவிடும்; குறைந்தால் ஒட்டாது. அத்தூள் உடலுக்கு நஞ்சு என்பதையும் மறத்தலாகாது. கதவின் கைப்பிடிகளையும் முகப்பின் அணிகளையும் நீக்கி, அத்துளைகளை அடைத்தார்கள். மின்சார விசையால் கதவு திறக்கச் செய்தார்கள். சேர்த்ததைவிடக் களைந்ததாலேயே அழகு பிறந்தது என்பது நோக்கத்தக்கது.

இக்கலையின் முடிமணியாகக் கருதப்படுவது பாப் ஹிரோஹாட்டா என்பவருக்காக 1952இல் பாரிஸ் பட்டறை அமைத்த மெர்க்குரி. 1951ஆம் ஆண்டு மாடலான அதன் கூரையை முன்புறம் 4 அங்குலமும் பின்புறம் 7 அங்குலமும் தாழ்த்தினர். கதவுக்குப் பின்னிருந்த நடுத்தூணை நீக்கிப் பக்கக் கண்ணாடிகள் இடையறாது வளைந்து செல்லுமாறு அமைத்தனர். ப்யூக் வண்டியின் பக்கவாட்டு உலோகப் பட்டையைப் பொருத்தி, அதன் மேலே இளம்பச்சையும் கீழே கரும்பச்சையும் தீட்டினர். அவ்வாண்டே லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் அது பெரும் புகழ் பெற்றது. ஆனால் புகழ் நிலைக்கவில்லை. 1959இல் 500 டாலருக்கு ஓர் இளைஞர் கைக்கு அது மாறியது. அவரோ அதைக் கைவிடாமல் பல ஆண்டுகள் காத்து, பின்னர்ப் புதுப்பித்தார். 2017இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. 2022இல் 21 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். புதுப்பித்தபோது அவ்வண்டியை 1951இல் தொழிற்சாலையிலிருந்து வந்த உருவத்துக்கு மீட்கவில்லை. 1952இல் பட்டறை வெட்டியமைத்த உருவத்துக்கே மீட்டனர். அன்று சிதைவு எனப்பட்டிருக்கக்கூடிய ஒன்று, இன்று காக்கப்படும் மூலம் ஆகிவிட்டது.

அப்படியாயின் எந்தப் பழைய வண்டியையும் வெட்டலாமா? ஆகாது. மெர்க்குரி ஆண்டுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் என்ற கணக்கில் வெளிவந்த வண்டி. ஒன்றை அறுத்ததால் அவ்வகை அழிந்துவிடவில்லை. உலகில் சிலவே எஞ்சியுள்ள வண்டியை அறுப்பதோ, ஏட்டுச்சுவடியின் ஒரே பிரதியைத் திருத்தி எழுதுவதற்கு ஒப்பாகும். அறுத்த தூண் மீண்டும் வளராது. எனவே வாளை எடுக்கும் கைக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: தன் முன் இருப்பதன் அருமையை அறிதல், செய்யப்போகும் உருவத்தை முன்னரே மனத்தில் காணுதல், தொடங்கியதைச் செவ்வனே முடிக்கும் தொழில் திறம் ஆகியன. இம்மூன்றும் கூடிய இடத்தில் மாற்றம் படைப்பாகிறது; இல்லாத இடத்தில் அது வெறும் சேதமே. தொழிற்கூடத்தில் பயிலும் மாணவர்கள் கருவியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இதனை நினைவிற் கொள்வார்களாக.