உதகையில் எழுதப்பட்ட விதிகள்: மேசை விளையாட்டுகளில் புள்ளி முறையின் வரலாறு

மேசையைச் சுற்றி ஆடும் விளையாட்டுகளில் வெற்றியை ஆட்டக்காரரின் திறமையோடு, எதற்கு எத்தனை புள்ளி, யார் யாருடன் ஆடுவது, சமநிலை வந்தால் என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளுக்கான விடையும் முடிவு செய்கிறது. இந்த விடைகளை ஆட்டம் தொடங்கும் முன் எழுதி எல்லோரும் காணும்படி வைத்ததற்குப் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு நீலகிரியில் உள்ளது. ஸ்னூக்கர் விளையாட்டின் விதிகள் 1882-இல் உதகமண்டலத்தின் ஊட்டி கிளப்பில் எழுதி ஒட்டப்பட்டன. ஸ்னூக்கர், கேரம், சதுரங்கம் ஆகிய மூன்று விளையாட்டுகளில் புள்ளி முறையும் போட்டி முறையும் உருவான வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது. சிறு ஊர்களில் நண்பர்கள் நடத்தும் லீக் போட்டிகளுக்கு அந்த வரலாறு தரும் பாடங்களையும் தொகுக்கிறது.

ஜபல்பூரிலிருந்து உதகைக்கு

19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளின் முக்கியப் பொழுதுபோக்குகளில் ஒன்று பில்லியர்ட்ஸ். மழைக்காலத்தில் வெளியே செல்ல முடியாத நாட்களில் மெஸ் மேசையில் பணம் வைத்துப் பல வகை ஆட்டங்கள் ஆடப்பட்டன. 15 சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி ஆடுவது பிரமிட்ஸ். ஒவ்வொருவருக்கும் தனி நிறப் பந்தும் சில 'உயிர்களும்' கொடுத்து ஆடுவது லைஃப் பூல். கறுப்புப் பந்து ஒன்றைச் சேர்த்து ஆடுவது பிளாக் பூல்.

1875-இல் ஜபல்பூரில் இருந்த டெவன்ஷயர் படைப்பிரிவின் இளம் அதிகாரி நெவில் சேம்பர்லின், சிவப்புப் பந்துகளோடும் கறுப்போடும் வேறு நிறப் பந்துகளையும் சேர்த்து ஒரு புதிய ஆட்டத்தை ஆடத் தொடங்கினார். ஊல்விச் ராணுவப் பயிற்சிக் கழகத்தில் முதலாண்டு மாணவரைக் கேலியாக அழைக்கும் சொல் 'ஸ்னூக்கர்'. எளிய பந்து ஒன்றைத் தவறவிட்ட சக அதிகாரியைச் சேம்பர்லின் அச்சொல்லால் அழைக்க, அதுவே விளையாட்டின் பெயராக நிலைத்தது. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லின் வேறொருவர். இவர் நெவில் பிரான்சிஸ் ஃபிட்ஜெரால்டு சேம்பர்லின் (1856–1944).

1881-இல் சேம்பர்லின் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி பிரடெரிக் ராபர்ட்ஸின் அலுவலர் குழுவில் சேர்ந்தார். சென்னை அரசாங்கம் கோடைக்காலத்தில் உதகைக்கு இடம் பெயரும் வழக்கம் இருந்ததால் அவரும் அங்கு வந்தார். ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்னூக்கர் விருப்ப ஆட்டமாயிற்று. 1882-இல் அதன் விதிகள் எழுதப்பட்டு அந்த அறையில் வைக்கப்பட்டன.

ஒரே படைப்பிரிவின் மெஸ்ஸில் தினமும் சந்திப்பவர்களுக்கு வாய்மொழி விதி போதும். பல ஊர்களிலிருந்து வந்து கூடும் கிளப்பில், அதுவும் பணம் வைத்து ஆடும் இடத்தில், அது போதாது. ஒவ்வொருவரும் தன் ஊர் வழக்கத்தையே விதி என்பார். சுவரில் ஒட்டிய தாள் அந்த வாதத்தை முடித்து வைக்கிறது. அதே சமயம் அந்தத் தாள் எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அக்காலக் கிளப்புகளில் இந்தியர்கள் உறுப்பினராக முடியாது. பில்லியர்ட்ஸ் அறைகளில் அவர்கள் பெரும்பாலும் புள்ளிக் கணக்கு வைக்கும் 'மார்க்கர்' என்ற ஊழியராகவே இருந்தனர்.

விளையாட்டு எங்கே தோன்றியது என்பதிலும் பின்னர் சர்ச்சை எழுந்தது. 1938-இல் சேம்பர்லின் 'தி ஃபீல்ட்' இதழுக்கு எழுதிய கடிதத்தில் தன் பங்கை விளக்கினார். எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி 1939-இல் எழுதிய கட்டுரை அதை உறுதிப்படுத்தியது.

ஸ்னூக்கரின் புள்ளி ஏணி

தொடக்கத்தில் சிவப்புடன் மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, கறுப்பு ஆகிய நிறங்களே இருந்தன. நீலமும் பழுப்பும் பின்னர் சேர்ந்தன. இன்றைய மதிப்புகள் வருமாறு: சிவப்பு 1, மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. ஒரு சிவப்பை வீழ்த்திய பின்னரே ஒரு நிறப் பந்தைக் குறிவைக்கலாம். வீழ்ந்த நிறப் பந்து மேசைக்குத் திரும்பும், சிவப்பு திரும்பாது. 15 சிவப்புகளுடன் ஒவ்வொரு முறையும் கறுப்பை வீழ்த்தினால் 120 புள்ளிகள். இறுதியில் ஆறு நிறங்களையும் வரிசையாக வீழ்த்தினால் 27. மொத்தம் 147.

இம்முறையின் சிறப்பு, பின்தங்கியவருக்கும் கடைசி வரை வழி விடுவது. தவறான அடிக்குக் குறைந்தது 4 புள்ளிகள், அதிகபட்சம் 7 புள்ளிகள் எதிராளிக்குச் சேரும். ஒருவர் 30 புள்ளிகள் பின்தங்கி, மேசையில் 27 புள்ளிகள் மட்டுமே மிச்சமிருந்தாலும் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. அடிக்க வேண்டிய பந்தை எதிராளி நேராக அடிக்க முடியாதபடி மறைத்து வைத்து, அவரைத் தவறு செய்ய வைத்தால் மீளலாம்.

1900-இல் இங்கிலாந்தின் பில்லியர்ட்ஸ் அசோசியேஷன் ஸ்னூக்கருக்கு விதிகளை வெளியிட்டது. 1919-இல் அங்கிருந்த இரு போட்டி அமைப்புகள் இணைந்தபின் விதிகள் ஒன்றாக்கப்பட்டன. இருவரும் சம புள்ளியில் முடித்தால் கறுப்புப் பந்தை மீண்டும் மேசையில் வைத்து அந்த ஒரே பந்தால் முடிவு காணும் முறையும் விதிகளில் இடம்பெற்றது. யார் முதலில் அடிப்பது என்பது டாஸ் மூலம் தீர்மானமாகும். முதல் உலகச் சாம்பியன்ஷிப் 1927-இல் நடந்தது. ஜோ டேவிஸ் வென்றார்.

கேரம்: 25 புள்ளி, 8 போர்டு

ஸ்னூக்கர் மேசை கிளப்புக்குள் இருந்தது. கேரம் பலகையோ வீட்டுத் திண்ணைக்கும் படிப்பகத்துக்கும் தொழிற்சங்க அலுவலகத்துக்கும் சென்றது. அதனாலேயே ஊருக்கு ஒரு விதி உருவாயிற்று. ராணிக்கு 5 புள்ளி, ஆட்டம் 29 புள்ளி என்று ஆடும் வீடுகள் இன்றும் உண்டு. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988 அக்டோபரில் சென்னையில் தொடங்கப்பட்டு, நாடுகளுக்குப் பொதுவான விதிகள் ஏற்கப்பட்டன.

அவ்விதிகளின்படி ஒரு போர்டை வென்றவர், எதிராளியின் காய்கள் பலகையில் எத்தனை மிச்சமோ அத்தனை புள்ளிகள் பெறுவார். ராணியை அவரே எடுத்து ஃபாலோ போட்டிருந்தால் மேலும் 3 புள்ளிகள். தோற்றவர் ராணியை எடுத்திருந்தால் அதற்கு இருவருக்கும் புள்ளி இல்லை. எனவே ஒரு போர்டில் அதிகபட்சம் 12 புள்ளிகள். முதலில் 25 எட்டுபவர் வெற்றியாளர். எவரும் எட்டாவிட்டால் 8 போர்டுகளின் முடிவில் முன்னணியில் இருப்பவர் வென்றவர். அப்போதும் சமநிலை என்றால் கூடுதலாக ஒரு போர்டு ஆடப்படும்.

இதில் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. 22 புள்ளிகளை எட்டிவிட்டவருக்கு ராணியால் புள்ளி கிடைக்காது. ஆட்டத்தின் விளிம்பில் நிற்பவர் ராணியின் 3 புள்ளிகளைக் கொண்டு கோட்டைத் தாண்ட முடியாது. காய்களால்தான் வெல்ல வேண்டும். 8 போர்டு எல்லை வேறொரு தேவையை நிறைவேற்றுகிறது. இரண்டு தற்காப்பு ஆட்டக்காரர்கள் ஒன்றும் இரண்டுமாகப் புள்ளி எடுத்து மணிக்கணக்கில் ஆடினால், அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பவர் நிலை மோசமாகும். புள்ளி விதி ஆடுபவர்களுக்கு நியாயம் செய்கிறது என்றால், நேர விதி காத்திருப்பவர்களுக்கு நியாயம் செய்கிறது.

இந்த முறைப்படுத்தலின் பலனைத் தமிழ்நாடு கண்டது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் உலகச் சாம்பியன் ஆனார். 1996-க்கான அர்ஜுனா விருதும் பெற்றார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் சென்னையின் காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார்.

சதுரங்கம்: யாருடன் ஆடுவது?

போட்டி முறையின் சிக்கலைச் சதுரங்கம் மிகத் தெளிவாகக் காட்டுகிறது. 1851-இல் லண்டனில் நடந்த முதல் சர்வதேசப் போட்டி நாக் அவுட் முறையில் அமைந்தது. ஆட்டக்காரர்கள் பலம் பாராமல் ஜோடி சேர்க்கப்பட்டனர். அக்காலத்தின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான கீசெரிட்ஸ்கி, முதல் சுற்றிலேயே பின்னர் பட்டம் வென்ற ஆண்டர்சனிடம் தோற்று வெளியேறினார். ஒருவர் எந்த இடத்துக்குத் தகுதியானவர் என்பதை இத்தகைய நாக் அவுட் சொல்லாது. அது முதலிடத்தை மட்டுமே தேடுகிறது.

எல்லோரும் எல்லோருடனும் ஆடும் ரவுண்ட் ராபின் முறை இதற்கு மாற்று. ஆனால் 8 பேருக்கு 28 ஆட்டங்கள் என்பது 16 பேரானால் 120 ஆகிவிடும். 1895-இல் சூரிச் நகரில் ஜூலியஸ் முல்லர் என்பவரின் யோசனையால் சுவிஸ் முறை பயன்பாட்டுக்கு வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் சம புள்ளிகளில் இருப்பவர்கள் மோதுவார்கள், தோற்றவரும் வெளியேறுவதில்லை. 16 பேர் 5 சுற்றுகள் ஆடினால் 40 ஆட்டங்களில் ஓரளவு நம்பத்தக்க வரிசை கிடைத்துவிடும்.

எதைக் கூட்டுவது என்பது அடுத்த கேள்வி. செஸ் ஒலிம்பியாடில் நெடுங்காலம் ஒவ்வொரு பலகையிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டியே அணிகள் வரிசைப்படுத்தப்பட்டன. அதன் குறையை ஒரு கணக்கால் காணலாம். ஓர் அணி மூன்று சுற்றுகளில் 4–0 என ஒன்றை வென்று, 1.5–2.5 என இரண்டில் தோற்றால் அதன் கூட்டு 7. மற்றோர் அணி 2.5–1.5 என இரண்டை வென்று, 1.5–2.5 என ஒன்றில் தோற்றால் கூட்டு 6.5. இரண்டு போட்டிகளில் வென்ற அணி, ஒன்றில் மட்டும் வென்ற அணிக்குக் கீழே போகிறது. 2008 டிரெஸ்டன் ஒலிம்பியாடு முதல் போட்டி வெற்றிக்கு 2, சமநிலைக்கு 1 என்ற கணக்கே முதன்மையானது.

இந்தக் கணக்கின் எல்லையை 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது ஒலிம்பியாடு காட்டியது. 11 சுற்றுகளின் முடிவில் பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் அர்மீனியாவும் 19 புள்ளிகளுடன் சமமாக நின்றன. பெண்கள் பிரிவில் உக்ரைனும் ஜார்ஜியாவும் 18 புள்ளிகளுடன் சமமாக நின்றன. யாரை எதிர்த்து எவ்வளவு எடுத்தனர் என்பதை எடைபோடும் சமநிலை முறிப்புக் கணக்கால் உஸ்பெகிஸ்தானும் உக்ரைனும் தங்கம் பெற்றன. அந்த விதி முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. சமநிலை வந்த பிறகு விதி தேடியிருந்தால், எந்த விதியும் ஒரு நாட்டுக்குச் சாதகமாகவே தோன்றியிருக்கும்.

சிறு லீக்குகளுக்கான பாடங்கள்

நீலகிரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டியுள்ள நாடுகாணி போன்ற ஊரில் நண்பர்கள் கேரம் லீக் நடத்துவதாகக் கொள்வோம். தேயிலைத் தோட்ட வேலை நேரம் ஆளுக்கு ஆள் மாறும். தென்மேற்குப் பருவமழையில் பக்கத்து ஊர்க்காரர் வர முடியாமல் போகலாம். மேற்கண்ட வரலாறு இவர்களுக்குச் சில வழிகளைத் தருகிறது.

முதலாவது, 8 பேர் வரை ரவுண்ட் ராபின் போதும். 10 பேருக்கு மேல் சுவிஸ் முறை ஏற்றது. ஒரே நாளில் முடிக்க வேண்டுமானால் மட்டும் நாக் அவுட். அப்போது வலுவானவர்கள் முதல் சுற்றில் மோதாதபடி அட்டவணை அமைக்க வேண்டும்.

இரண்டாவது, தரவரிசைக்கு வெற்றியை முதலில் எண்ண வேண்டும். புள்ளி வித்தியாசத்தைச் சமநிலை முறிக்க மட்டும் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் புதியவரை 25–0 என்று தோற்கடிப்பதே லாபமாகிவிடும். அந்தப் புதியவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

மூன்றாவது, பாதியில் விலகுபவருக்கு விதி வேண்டும். சதுரங்க ரவுண்ட் ராபினில் பாதி ஆட்டங்கள்கூட ஆடாமல் விலகியவரின் முடிவுகள் தரவரிசையில் சேர்க்கப்படுவதில்லை. அவரை வென்றவருக்கு மட்டும் கிடைத்த லாபம் இதனால் நீங்குகிறது.

நான்காவது, ராணிக்கு 3-ஆ 5-ஆ, ஆட்டம் 25-ஆ 29-ஆ என்பதில் எதுவும் தவறில்லை. ஆனால் ஒன்றையே தேர்ந்து எழுதி, முதல் ஸ்ட்ரைக்கர் அடிபடும் முன் சுவரில் ஒட்டிவிட வேண்டும். 1882-இல் உதகையில் செய்ததும் அதுவே.