புண்ணாக்கிலிருந்து புரதம், தோலிலிருந்து செல்லுலோஸ்: மல்லாட்டை ஆய்வின் வரலாறு

விழுப்புரம்–புதுச்சேரி சாலையில் உள்ள கண்டமங்கலம் வட்டாரத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்றும் மணிலா என்றும் சொல்வார்கள். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இப்பயிர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகியதற்கு, பிரான்சின் எண்ணெய், சோப்பு ஆலைகளின் தேவை முக்கியமான காரணம். 1879இல் விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் இணைத்த இருப்புப்பாதை, கடலை கப்பலேறுவதை எளிதாக்கியது. விலை எண்ணெய்க்குத்தான். புண்ணாக்கு மாட்டுக்கும் வயலுக்கும் போனது. தோல் அடுப்புக்குப் போனது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் புகழ்பெற்ற டி.எம்.வி. 2 (1940), டி.எம்.வி. 7 (1967) ரகங்களும் விளைச்சலையும் எண்ணெயையும் முன்னிறுத்தியே மதிக்கப்பட்டன.

கடலைப் பருப்பில் ஏறத்தாழப் பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். எண்ணெயைப் பிழிந்தெடுத்தால் புண்ணாக்கில் புரதம் 45 முதல் 50 விழுக்காடு வரை உயரும். இப்புரதத்தின் பெரும்பகுதி அராக்கின், கோனராக்கின் என்னும் இரண்டு குளோபுலின்கள் என்பதை 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ், ஜோன்ஸ் ஆகியோர் காட்டினர். லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்கள் இதில் குறைவு. ஆகவே கடலைப் புரதத்தைத் தனியே உணவாக்குவதைவிட வேறு பயறுடன் கலப்பதே தக்க வழி.

இந்த வழியை இந்தியாவில் வகுத்தவர்களுள் முதன்மையானவர் வைத்தியநாத சுப்ரமணியன் (1902–1979). பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தபோதே சோயாப் பால் ஆய்வில் ஈடுபட்ட அவர், 1950இல் மைசூரில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். அமெரிக்காவில் சோயாவைக் கொண்டு செய்யப்பட்ட பல்நோக்கு உணவின் இந்திய வடிவம் மைசூர் நிலையத்தில் உருவானது. கொழுப்பு நீக்கிய கடலை மாவு முக்கால் பங்கு, வறுத்த கொண்டைக்கடலை மாவு கால் பங்கு. அவற்றோடு சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின்களும் சேர்க்கப்பட்டன. புரதம் ஏறத்தாழ 40 விழுக்காடு. சோயா அப்போது இங்கே அரிது, கடலையோ மலிவு. செக்குப் புண்ணாக்கை அப்படியே அரைத்து இந்த மாவைச் செய்துவிட முடியாது. நல்ல பருப்பைப் பொறுக்கி, சிவப்புத் தொலியையும் முளையையும் நீக்கி, தூய்மையாகப் பிழிய வேண்டும். பின்னர் அதே நிலையம் கடலைப் புரதத்தைக் காரநீரில் கரைத்து, அமிலத்தால் படியவைத்துப் பிரித்தது. அதை எருமைப் பாலோடு சேர்த்துச் செய்த ‘மில்டோன்’ 1970களில் பெங்களூரில் விற்பனைக்கும் வந்தது.

இடையில் வேறொரு தடை எழுந்தது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குத் தீவனமே காரணம் எனத் தெரிந்தது. அதில் வளர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை உண்டாக்கிய அஃப்ளாடாக்சின், சமையல் வெப்பத்தால் முழுமையாக அழிவதில்லை. அறுவடையில் மழை நனைத்தாலோ, காய் சரியாகக் காயாமல் மூட்டையில் அடைபட்டாலோ பூஞ்சை பிடிக்கும். குழந்தைகளுக்கான உணவில் கடலை மாவைச் சேர்க்க அதன் பின் தயக்கம் வந்தது. ஆய்வகம் வென்றும், களத்திலும் கிடங்கிலும் தோற்ற கதை இது. ஈரம் அளந்து வாங்கும் பழக்கம் சந்தையில் வேரூன்றாதவரை எந்த மாவுத் தொழிலும் நிலைக்காது.

தோலின் கதை வேறு. காயின் எடையில் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காடு தோல். அதில் செல்லுலோஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உண்டு. 1955இல் அமெரிக்க விஸ்கோஸ் நிறுவனத்தில் பட்டிஸ்டா கண்டறிந்த முறையில், நீர்த்த அமிலம் செல்லுலோஸின் ஒழுங்கற்ற பகுதிகளைக் கரைக்க, நுண்படிகங்கள் எஞ்சும். மாத்திரைகளுக்கும் கொழுப்புக் குறைந்த உணவுகளுக்கும் பயன்படும் இந்த நுண்படிகச் செல்லுலோஸை மரக்கூழிலிருந்தே பெரும்பாலும் எடுக்கின்றனர். கடலைத் தோலிலிருந்தும் எடுக்கலாம் என்று ஆய்வகங்கள் காட்டிவிட்டன. ஆனால் தோலில் லிக்னின் 30 விழுக்காட்டை எட்டும். அதைக் காரத்தால் நீக்கி, வெளுத்து, கழிவுநீரைச் சுத்திகரிக்க ஆகும் செலவு பொருளின் விலையைத் தின்றுவிடும். லிக்னின் குறைந்த கரும்புச் சக்கைக்கு நிலைமை சாதகமானது; புகளூரில் 1979இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அதிலிருந்து காகிதம் செய்கிறது. மல்லாட்டைத் தோல் இன்றும் பெரும்பாலும் கொதிகலனில்தான் எரிகிறது.