சம்பளம் வாங்கிக்கொண்டு படித்தவர்கள்

பழவேற்காடு போயிருக்கிறீர்களா? சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ். மீன் வாங்கவும் பூநாரை பார்க்கவும் போகிறவர்கள் அதிகம். நான் போனது டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்க.

1613-ல் இங்கே ஜெல்ட்ரியா என்றொரு கோட்டையைக் கட்டினார்கள். இந்தக் கரையில் அவர்கள் செய்த முக்கிய வியாபாரம் துணி. அதை எப்படி வாங்கினார்கள் என்பதுதான் விசேஷம். உள்ளூர் வணிகர்கள் மூலமாக நெசவாளிக்குப் பணம் முன்கூட்டியே போய்விடும். கை நீட்டி வாங்கியாகிவிட்டது அல்லவா? நெய்த துணியை அப்புறம் இஷ்டப்பட்ட ஆளுக்கு விற்க முடியாது.

டச்சுக்காரர்கள் போய்விட்டார்கள். முன்பணம் போகவில்லை. வலைக்கும் என்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய மீனவர், பிடித்த மீனை அவரிடம்தான் போட வேண்டும். விலை? அவர் சொல்வதுதான்.

இதை எனக்கு விளக்கியவர் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மீனவர். விளக்கிவிட்டு, பதிலுக்கு என்னை ஒரு கேள்வி கேட்டார்.

“பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிருக்கு சார். நர்ஸுக்குத்தான் படிப்பேன்னு நிக்குது. ஒரு எடத்துல ஒரே வருஷம், நாப்பதாயிரத்துல முடிச்சிடலாம்ங்கறாங்க. இன்னொரு எடத்துல நாலு வருஷம், நாலு லட்சம். பேங்குல லோன் கெடைக்குமாம். எதுல சேக்கறது?”

நான் பி.காம். பற்று, வரவு தெரியும். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. ஊருக்கு வந்து கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டினேன். புரட்டியதில் கண்ணில் பட்ட முதல் சங்கதியே தூக்கிவாரிப் போட்டது. நர்ஸ் படிப்பு என்பது ஆரம்பத்தில் காசு கொடுத்துப் படிக்கிற படிப்பே இல்லை. காசு வாங்கிக்கொண்டு படிக்கிற படிப்பு!

1860. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரிலான நிதியில் ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பமாகிறது. முதல் அணியில் 15 பெண்கள். தங்க இடம், சாப்பாடு, சீருடை எல்லாம் பள்ளியின் செலவு. போதாததற்கு வருஷத்துக்கு 10 பவுன் கையில்.

நம் ஊர் பின்தங்கிவிடவில்லை. 1871-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி வந்துவிட்டது. நான்கே மாணவிகள், ஆறு மாத மகப்பேற்றுப் பயிற்சி. பிற்பாடு உலகம் முழுக்க பரவிய மருத்துவமனைப் பள்ளிகளில் நடைமுறை பெரும்பாலும் ஒன்றுதான். மாணவிக்கு ஹாஸ்டல், சாப்பாடு, கொஞ்சம் உதவித்தொகை. பதிலுக்கு அவள் வார்டில் வேலை பார்க்க வேண்டும்.

தர்மம் என்று நினைத்துவிடாதீர்கள். மலிவான ஆள் பலம் வேண்டியிருந்தது மருத்துவமனைக்கு. ராத்திரி பகலாக உழைத்தாள், தூக்கம் கெட்டாள், பாடத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. எல்லாம் சரி. ஆனால் படிப்பு முடித்து வெளியே வரும்போது தலையில் கடன் இல்லை.

இரண்டாம் உலகப்போர் சமயம் அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போனது. நர்ஸுகளுக்கு ஏகப்பட்ட பஞ்சம். 1943-ல் அரசாங்கமே ‘கேடட் நர்ஸ் படை’ என்று ஆரம்பித்தது. கட்டணம் கிடையாது, சீருடை இலவசம், மாதாமாதம் கைச்செலவுக்குப் பணம். 1948-க்குள் சுமார் 1 லட்சத்து 24 ஆயிரம் பேர் படித்து முடித்தார்கள்.

போர் முடிந்தது. பஞ்சம் முடியவில்லை. அப்போது மில்ட்ரெட் மான்டாக் என்கிற நர்சிங் பேராசிரியை ஒரு யோசனை சொன்னார். வீட்டுக்குப் பக்கத்திலேயே, குறைந்த செலவில் படிக்கிற சமுதாயக் கல்லூரிகளில் இரண்டே வருஷத்தில் நர்ஸுகளை உருவாக்க முடியாதா? 1952-ல் சோதனை முயற்சி தொடங்கியது. அமோக வெற்றி. இன்றைக்கும் அமெரிக்க நர்ஸுகளில் கணிசமானவர்கள் அந்த வாசல் வழியாக வந்தவர்கள்தான்.

ஏன் வெற்றி? இங்கேதான் கவனிக்க வேண்டும். இரண்டு வருஷம் படித்தவரும், நான்கு வருஷம் படித்தவரும் எழுதுவது ஒரே உரிமத் தேர்வு. பாஸானால் இருவருமே பதிவு பெற்ற நர்ஸ். குறைந்த செலவு, ஆனால் அதே உரிமம்.

சமுதாயக் கல்லூரி என்கிற யோசனை நம் பக்கமும் வந்தது. 1995-ல் புதுச்சேரி, 1996-ல் சென்னை என்று ஆரம்பித்துப் பரவியது. பள்ளிப் படிப்போடு நின்றுபோன எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கொடுத்த நல்ல ஏற்பாடு. அங்கே ‘ஹெல்த் அசிஸ்டென்ட்’, ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ படிப்புகளும் உண்டு. உதவியாளர் வேலைக்குப் போக நினைக்கிறவர்களுக்கு அது போதும். ஆனால் பெயரில் நர்சிங் இருப்பதால் மட்டும் நர்ஸ் ஆகிவிட முடியாது. 1926-லேயே மதராஸ் மாகாணத்தில் நர்ஸுகளைப் பதிவு செய்யச் சட்டம் வந்துவிட்டது. கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டுமானால் ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்ஸி. நர்சிங் மாதிரி அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். ஒரு வருஷச் சான்றிதழை வைத்துக்கொண்டு அரசு ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு மனுப் போட முடியாது. வளைகுடாவில் நர்ஸ் வேலையும் கிடையாது.

ஆக, பெரியவர் சொன்ன நாற்பதாயிரம் மலிவு இல்லை. வாங்குகிற பொருளே வேறு.

சரி, நாலு லட்சம்?

படிப்பு மருத்துவமனையிலிருந்து கல்லூரிக்கு நகர்ந்தபோது தரம் உயர்ந்தது. மாணவி மாணவியாக இருக்க முடிந்தது. நல்லதுதான். கூடவே பில் தொகையும் குடும்பத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது. தனியார் கல்லூரிகள் பெருகின. 2001-ல் வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்தது. 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம் என்றார்கள். கடற்கரைக் குப்பத்துப் பெண்ணுக்குக் கல்லூரிக் கதவு திறந்தது என்றால் அது இதனால்தான். மறுக்கவே முடியாது.

ஆனால் கணக்கு? பேச்சுக்கு, வருஷ ஆரம்பத்தில் ஒரு லட்சம் வீதம் 4 வருஷம் வாங்குகிறாள். வட்டி 11 சதவிகிதம். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கிடையாது. ஆனால் வட்டி தூங்குமா? 1 லட்சத்து 54 ஆயிரம் ஏறிவிடும். 5 லட்சத்து 54 ஆயிரத்தை 7 வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 9,500 ரூபாய். 15 வருஷமாக நீட்டினால் மாதம் 6,300. ஆஹா, குறைந்துவிட்டதே என்று சந்தோஷப்படாதீர்கள். மொத்தமாகக் கட்டுவது 11 லட்சத்தைத் தாண்டிவிடும்.

இந்த 9,500-ஐ ஒரு சம்பளத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். 2015-ல் தமிழக அரசு தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸுகளை ஒப்பந்தத்தில் எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். தவணைக்கே பத்தாது! 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தது சும்மா இல்லை. 2018-ல் அது 14,000 ஆனது.

தனியாரில்? 2012-ல் சென்னையின் பெரிய மருத்துவமனைகளில் நர்ஸுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் மட்டும் பிரச்னை இல்லை. இத்தனை வருஷம் இங்கேயே இருப்பேன் என்கிற பத்திரமும், பிடித்து வைத்த ஒரிஜினல் சான்றிதழும்கூட. 2016-ல் உச்ச நீதிமன்றத்தில் வந்த வழக்கையொட்டி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளா 2018-ல் அந்தத் தொகையைக் குறைந்தபட்சச் சம்பளமாக அறிவித்தது. பரிந்துரை வேறு, கையில் வருவது வேறு என்பதைச் சம்பளம் வாங்குகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த தடவை போனபோது பெரியவரைத் தேடிப் பிடித்து இதெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப லோனும் முன்பணந்தானே சார்?” என்றார்.

அரைவாசி சரி. ஒரு வித்தியாசம் உண்டு. மீனை எங்கே போட வேண்டும் என்று வங்கி சொல்லாது. பதிவு பெற்ற நர்ஸ் நல்ல சம்பளம் தேடி எங்கே வேண்டுமானாலும் போகலாம். சான்றிதழைப் பிடித்து வைக்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அவளும் வலைக்குள் மாட்டுகிறாள்.

அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் ஒரு பெண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அரசுக் கல்லூரிக்கும் அரசு நர்சிங் பள்ளிக்கும் மனுப் போடுங்கள். கட்டணம் ரொம்பக் குறைவு. கிடைக்காவிட்டால், தனியாரில் சேருவதற்கு முன் அந்தப் படிப்புக்கு கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, காகிதம் கேளுங்கள். போன வருஷம் படித்து முடித்த நாலு பெண்களைக் கண்டுபிடித்து, கையில் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் சம்பளம் கணக்கில் சேராது. ஹாஸ்டலும் சாப்பாடும் போக மிச்சம் எவ்வளவோ, அதில் பாதிக்கு மேல் தவணை போகும் என்றால் கடனைக் குறையுங்கள், அல்லது கல்லூரியை மாற்றுங்கள். 2009-ல் வந்த மத்திய அரசின் வட்டி மானியம் ஏழைக் குடும்பங்களுக்கானது. கிடைத்தால் அதே கடனுக்கு மாதத் தவணை 9,500-லிருந்து சுமார் 6,850 ஆகிவிடும். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கல்லூரிக்கு இப்போது பொருந்துமா என்று வங்கியில் கேட்டுவிட்டே அட்மிஷன் போடுங்கள்.

பெரியவர் தலையாட்டினார். பிறகு, “நாலு பொண்ணுங்கள எங்க சார் போய்த் தேடறது?” என்றார்.

காலை ஆறு மணிக்கு பொன்னேரி ஸ்டேஷனில் போய் நில்லுங்கள் என்றேன். சென்னை ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகிறவர்கள் அந்த ரயிலில்தான் ஏறுவார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்வியை அவள் கேட்கட்டும். கட்டப்போவது அவள்தானே?